ஒட்டுப் பிளான் உதவாது என்பவர்களுக்கு

"உதென்ன, ஒட்டுப் பிளானோ? உது சரிவராது ஐயா. ரவுணுக்குப் போய்ப் பெரிசா ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ, பிறகு அத்திவாரத்தைப் பாப்பம்."

சொல்லிவிட்டுக் கொந்தராத்துக்காரர் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டுவிக்கிற பெரியவர், கையில் இருந்த ஒட்டுத்தாளை மடிப்பதா விரிப்பதா என்று தெரியாமல் வளவுக்குள் நின்றார். மகன் ரொறன்ரோவில். பிளான் வந்ததும் அங்கேயிருந்துதான். மகளின் பிள்ளைகளுடைய படிப்புக்கென்று கொரோனாக் காலத்தில் வாங்கிய சின்னப் பிறின்ரர் ஒன்று வீட்டில் கிடக்கிறது. முதல்நாள் இரவு அதில் 9 தாள் அடித்து, விறாந்தை மேசையில் பரப்பி, அடிமட்டம் பிடித்து ஒட்டியிருக்கிறார். கோடுகள் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு நூல் பிடித்த மாதிரிப் போயின.

கொந்தராத்துக்காரர் அதை அளந்து பார்க்கவில்லை. இந்த இடத்தில் பிழை என்று விரல் வைத்துக் காட்டவுமில்லை. ஒட்டியிருந்தது என்பதே குற்றமாகிவிட்டது.

இது அவர் ஒருவருடைய எண்ணமாக இருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். பிளான் கீறுகிற பொடியள், தொழில்நுட்பக் கல்லூரி முடித்து வந்தவர்கள், அச்சுக்கடைக்காரர், வெளிநாட்டிலிருந்து போனிலேயே மேற்பார்வை செய்கிற மச்சான்மார் எல்லாரும் இதில் ஒரே கட்சி. தாளைத் துண்டாக்கினால் அளவு கெடும், வீட்டுப் பிறின்ரரில் மை வீணாகும், பார்க்கவும் மரியாதையில்லை என்று மூன்று நியாயம் சொல்வார்கள். மூன்றாவதுதான் உள்ளே இருக்கிற உண்மையான காரணம் என்பது என் எண்ணம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முதலில், வழக்கில்லாத இடத்தை ஒதுக்கிவிடுகிறேன். வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கு அனுமதிக்கென்று கொடுக்கிற பிரதி ஒரு சட்டப் பத்திரம். கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கோப்பில் கிடக்கப் போவது. அதைக் கடையில், ஒரே தாளில், வடிவாக எடுத்துக் கொடுங்கள். நான் பேசுவது அதற்குப் பிறகு வளவுக்குள் மண்ணிலும் சீமெந்திலும் கிடந்து புரளப்போகிற பிளானைப் பற்றி.

அந்தப் பெரிய தாளுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? எங்கள் பக்கத்தில் வீட்டுக்காணி பெரும்பாலும் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச். இரண்டு பரப்பில் 40 அடிக்கு 50 அடி வீடு ஒன்று கட்டினாலே கிணறு, மலக்குழி, முற்றம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வீட்டை 1:100 அளவில் கீறினால் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றர். ஏ4 தாளில் பாதிக்குள் அடங்கிவிடும். இரண்டு மடங்காக்கி 1:50-இல் கீறினாலும் இரண்டு ஏ4 தாளுக்குள் நிற்கும். பிறகு ஏன் எட்டு ஏ4 சேர்ந்த அளவான ஏ1 தாள்? நிலப்படம், நான்கு பக்கத் தோற்றம், இரண்டு வெட்டுமுகம், காணியின் அமைவு, கதவு யன்னல் அட்டவணை, மலக்குழியின் குறுக்குவெட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்குகிற வழக்கம் கீறுகிறவர்களுக்கு உண்டு. வாங்குகிறவருக்குக் கொடுத்த காசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அத்திவாரம் வெட்டுகிற நாளில் மேசனுக்கு யன்னல் அட்டவணை எதற்கு? பெரிய பிளான் என்று நாம் மதிப்பது பல சின்னப் பிளான்கள் ஒட்டிய ஒன்று. ஒட்டியவர் கணினிக்குள் ஒட்டினார், பெரியவர் மேசையில் ஒட்டினார்.

தாளின் கதையும் இதையே சொல்லும். ஏ4 என்பது தனியாகப் பிறந்த அளவு கிடையாது. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள ஏ0 தாளைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, நான்கு தரம் வெட்டினால் வருகிற பதினாறில் ஒரு துண்டுதான் ஏ4. ஜேர்மனியில் 1922-இல் வால்ற்றர் போர்ஸ்ற்மான் என்ற பொறியியலாளரின் முயற்சியால் நியமமாக வந்து, 1975-இல் உலக நியமமான முறை அது. எத்தனை தரம் பாதியாக்கினாலும் நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் மாறாதபடி இரண்டின் வர்க்கமூலத்தை வைத்துக் கட்டியது. வெட்டவும் சேர்க்கவுமென்றே உருவாக்கப்பட்ட தாளை வெட்டிச் சேர்த்தால் குற்றம் என்பது வேடிக்கை.

கணக்கு ஏட்டில் இருப்பது போல் நடைமுறையில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பிறின்ரர்கள் பெரும்பாலும் தாளின் விளிம்புவரை அடிக்காது. நான்கு பக்கமும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வெள்ளையாக விடும். ஆகவே 210-க்கு 297 தாளில் நமக்குக் கிடைப்பது 200-க்கு 287. ஏ1 பிளானின் வெறும் ஓரத்தை விட்டுவிட்டு, தாளுக்குத் தாள் ஒரு சென்ரிமீற்றர் மேற்பொருந்த வைத்தால், எட்டுக்குப் பதில் 9 தாள் வேண்டும். பெரியவர் எடுத்தது அந்த ஒன்பது. ஏ0 என்றால் பதினாறு போதாது, தாளை அதே போக்கில் வைத்தால் 25 ஆகிவிடும். அங்கே நானே கடைக்குப் போகச் சொல்வேன். 25 தாளை ஒட்டுகிற பொறுமை இருக்கிறவர் வீடு கட்டத் தேவையில்லை, தவம் செய்யப் போகலாம்.

இனி, பெரிய தாள் வளவுக்கு வந்தபின் அதற்கு என்ன நடக்கிறது? மேசன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பான். வைக்கத்தான் வேண்டும், சாரத்தில் ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் தேவை. மடித்து விரித்து மடித்து விரித்து, மாதம் முடிகிறபோது மடிப்புகள் கிழியும். அது அநேகமாக ஏ4 அளவுத் துண்டுகளாகவே கிழியும், ஏனென்றால் மடித்தது பாதிபாதியாகத்தான். கிழிந்ததைச் செலோரேப் போட்டு ஒட்டுவார்கள். அப்போது ஒருவரும் ஒட்டுப் பிளான் என்று முகம் சுளிப்பதில்லை. அதிலும் மடிப்பு எண்ணைப் பார்த்துப் போகாது. 3600 என்ற அளவின் நடுவில் விழுந்து, 6-ஐ 8 ஆக்கிவிட்டுப் போகும்.

எதிர்க்கட்சியின் உறுதியான வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வழக்கறிஞர் வேலை பார்த்ததாக ஆகும். ஒவ்வோர் ஒட்டிலும் அரை மில்லிமீற்றர் பிசகினால், குறுக்கே இரண்டு ஒட்டு, மொத்தம் ஒரு மில்லிமீற்றர். 1:100 பிளானில் ஒரு மில்லிமீற்றர் என்றால் நிலத்தில் 10 சென்ரிமீற்றர், அதாவது 4 அங்குலம். நாலு அங்குலம் பிசகிய சுவரில் கூரையை எப்படி ஏற்றுவது என்று கேட்பார்கள். கேள்வி சரி. ஆனால் எந்த மேசன் பிளானில் அடிமட்டத்தை வைத்து அளந்து சுவர் கட்டுகிறான்? சுவரிலிருந்து சுவர் எவ்வளவு என்று இலக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த இலக்கம் தாள் சுருங்கினாலும் நீண்டாலும் ஒட்டினாலும் கிழிந்தாலும் மாறாது. படத்தை அளக்காதே, எழுதிய அளவைப் பார் என்று பிளானின் மூலையிலேயே குறிப்புப் போடுவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை.

அந்தக் குறிப்பின் காரணமே பெரிய தாளின் பெருமையைக் கொஞ்சம் குறைக்கிறது. நீலப்பிரதி முறையை ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்தது 1842-இல். பிற்பாடு பல பத்தாண்டுக் காலம் உலகத்தின் பாலங்களும் கப்பல்களும் அந்த நீலத் தாளைப் பார்த்தே கட்டப்பட்டன. அந்தத் தாளைத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். நனைந்து காய்ந்த தாள் பழைய அளவில் நிற்காது. ஒட்டே இல்லாத, ஒரே தாளான, மேசை நிறைய விரிகிற அந்தப் பிரதியை நம்பி ஒருவரும் அடிமட்டம் வைக்கவில்லை. இன்றைக்குக் கடையில் உருளையிலிருந்து இழுத்து அடிக்கிற தாளும் காற்றின் ஈரத்துக்கு நீளும், சுருங்கும். தாள் என்பது மரத்தின் பிள்ளை. மாரியில் கதவு இறுகுவது போல அதுவும் நடந்துகொள்ளும்.

ஒட்டில் பிழை ஏறிக்கொண்டே போகும் என்பதற்கு மறுமொழியை நான் மேசனிடமிருந்தே படித்தேன். சீமெந்துக் கல்லைக் கல்லோடு கல் பார்த்து அடுக்கிக்கொண்டு போனால் சுவர் ஒரு முனையில் கோணிவிடும். ஒரு கல்லின் பிழை அடுத்த கல்லுக்கு வரும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதுக்குப் போகும். ஆகவே இரண்டு முனையிலும் நூல் கட்டி, ஒவ்வொரு கல்லையும் நூலுக்குப் பார்த்து வைப்பான். பக்கத்துக் கல் பிசகினாலும் இந்தக் கல் பிசகாது. தாளுக்கும் அதே வேலைதான். பிளானை அடிக்க முதல், கணினியிலேயே அதன் மேல் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு மெல்லிய கட்டக்கோடு போட்டுவிட வேண்டும். பிறகு மேசையில் அதே கட்டத்தைப் பென்சிலால் கீறி, ஒவ்வொரு தாளையும் அந்தக் கட்டத்துக்கு வைத்து ஒட்டினால், பக்கத்துத் தாளின் பிசகு அந்தத் தாளோடு நின்றுவிடும். தாளோடு தாள் பார்த்து ஒட்டுகிறவனுக்குத்தான் கடைசித் தாளில் கை நடுங்கும்.

நாடுகளின் படங்கள் இப்படித்தான் அச்சானவை. இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலப் படம் 72 தாள். பிறகு வந்த 1:50,000 படம் 92 தாள். எல்லாத் தாளையும் ஒரே கட்டக்கோடு கட்டிப் பிடித்திருப்பதால் அடுத்தடுத்த எந்த இரண்டை எடுத்துச் சேர்த்தாலும் ஒழுங்கை ஒழுங்கையோடும் கரை கரையோடும் பொருந்தும். இந்தத் தீவு ஒரே தாளில் இல்லையென்று ஒருவரும் அதைச் சந்தேகித்ததில்லை. அமெரிக்கா என்ற பெயர் முதன்முதல் எழுதப்பட்ட வால்ட்சேமுல்லரின் 1507-ஆம் ஆண்டு உலகப்படம் 12 தாளில் அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட வந்தது. பேரரசர் மக்ஸிமிலியனுக்காக அல்பிரெஹ்ற் டியூரரும் கூட்டாளிகளும் செய்த வெற்றி வளைவுப் படம் மூன்று மீற்றருக்கு மேல் உயரம். 195 மரக்கட்டைகளில் செதுக்கி, 36 பெரிய தாள்களில் அடித்து ஒட்டினார்கள். பேரரசருக்கு ஒட்டுத்தாள் மரியாதைக் குறைவாகப் படவில்லை.

இணுவிலில் இருந்துகொண்டு வேறு ஊருக்கு ஏன் போக வேண்டும்? கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அத்தனை பெரிய மரவேலையில் ஒரே மரத்தில் நிற்பது எது? துண்டு துண்டாகச் செதுக்கி, பொருத்துக்குப் பொருத்து வைத்துப் பூட்டியதுதானே. பொருத்துத்தான் அந்த வேலையின் கெட்டித்தனம். ஒரு தச்சரிடம் போய்ப் பொருத்தில்லாமல் செய்து தாருங்கள் என்று கேட்டால், நல்ல பேச்சு வாங்கிக்கொண்டு வருவோம்.

இப்படியெல்லாம் எழுதுகிறவன் பிழையே விடாதவன் என்று நினைக்க வேண்டாம். தங்கச்சி வீட்டு முன்வாசலுக்கு மேலே ஒரு வளைவு. நாலடி அகலம். பலகையில் வெட்டி அச்சு எடுப்பதற்கு வளைவின் முழு அளவுப் படம் வேண்டும் என்று வேலைக்காரர் கேட்டார். நான்தானே இருக்கிறேன் என்று, படத்தை ஏ4 தாள்களாகப் பிரித்து இரவோடிரவாக அடித்து ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. அவரும் வடிவாக வெட்டினார். வாசலில் தூக்கி வைத்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறது. அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வளைவு சிறுத்துப் போயிருக்கிறது.

காரணம் ஒட்டு இல்லை. அச்சிடுகிற பெட்டிக்குள் தாளுக்கேற்பப் பொருத்து என்று ஒரு தெரிவு இருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பல கணினிகள் அதையே எடுத்துக்கொள்ளும். விளிம்பில் ஒன்றும் வெட்டுப்படாமல் இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், படத்தைச் சுருக்கி அடிக்கும், என்னுடையதில் 97 விழுக்காடாக. எல்லாத் தாளும் ஒரே அளவாகச் சுருங்குவதால் கோடுகள் எல்லாம் பொருந்தும். பொருந்துகிறதே என்று நாமும் மகிழ்வோம். நாலடியில் 3 விழுக்காடு 37 மில்லிமீற்றர். அந்தத் தெரிவை விட்டு உண்மை அளவு என்பதை அழுத்தியிருந்தால் தங்கச்சியிடம் நான் இன்றுவரை பேச்சு வாங்கியிருக்க மாட்டேன். இதே தெரிவை அழுத்தினால் பல இலட்சம் ரூபாய்ப் பெரிய இயந்திரமும் இதே பிழையைத்தான், இன்னும் பெரிய தாளில், ஒட்டே இல்லாமல் செய்யும். அப்படிச் சுருங்கி வந்த ஏ1 தாள் ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையில் எடுத்தது என்பதால் அதை ஒருவரும் அளக்கவில்லை.

இதில்தான் என் வழக்கே இருக்கிறது. பெரிய தாள் நம்பச் சொல்கிறது. ஒட்டுத்தாளைக் கண்டால் கை தானாக அடிமட்டத்தைத் தேடும். படத்தின் மூலையில் குறுக்கே 10 சென்ரிமீற்றர், நெடுக்கே 10 சென்ரிமீற்றர் என்று இரண்டு கோடு போட்டு வைத்தால் முதல் தாளிலேயே வண்டவாளம் தெரிந்துவிடும். இரண்டு கோடும் எதற்கென்றால், பிறின்ரர் தாளை இழுக்கிற பக்கத்தில் ஒரு பிழையும் குறுக்கே வேறொரு பிழையும் விடக்கூடியது. இந்த ஊரில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய ஆட்கள் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற கணக்கில் கீறுவார்கள். அது 1:96. புதிய பிளான் 1:100. புதிய அளவுகோலைப் பழைய பிளானில் வைத்தால் நூற்றுக்கு நாலு கூடக் காட்டும். சுருங்கிய தாள் ஏறத்தாழ அவ்வளவே குறைத்துக் காட்டுவதால், ஒரு பிழை மற்றப் பிழையை மறைத்துக்கொண்டு நிற்கும். பெரிய தாளைச் சுவரில் மாட்டிவிட்டால் இது எதுவும் வெளிவராது.

ஒட்டுகிற கைவேலையிலும் பலர் பிழைவிட்டுவிட்டுப் பழியை முறைமேல் போடுகிறார்கள். கோதுமை மாப் பசை நோட்டீஸ் ஒட்டுவதற்கு நல்லது, பிளானுக்கு ஆகாது. ஈரம் குடித்த தாள் ஊதும், காய்ந்தால் நெளியும். குச்சிப் பசை, இல்லாவிட்டால் பின்பக்கத்தில் செலோரேப். லேசர் பிறின்ரரில் சூடு பட்டு வந்த தாள் ஈரத்தை இழந்து சற்றுச் சுருங்கியிருக்கும். அடித்த கையோடு ஒட்டாமல் ஓர் இரவு மேசையில் விட்டால் எல்லாத் தாளும் வீட்டுக் காற்றோடு ஒத்துப்போகும். நான்கு ஓரத்தையும் வெட்டத் தேவையில்லை. வலமும் கீழும் வெட்டி, அடுத்ததன் மேல் வைத்தால் போதும். பெரிய படத்தைத் தாள்களாகப் பிரிக்க அடோபி றீடரிலேயே போஸ்ரர் என்ற தெரிவு இருக்கிறது. எவ்வளவு மேற்பொருந்த வேண்டும், வெட்டுக்குறி வேண்டுமா என்றெல்லாம் அது கேட்கும். மேலதிகக் காசு இல்லை. இவ்வளவுதான் வித்தை.

இனி மிகப் பெரிய விஷயம். வீட்டுப் பிளான் ஒருநாளும் முதல் வந்தபடி நிற்காது. அதுவும் கட்டுவிக்கிறவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். குசினி யன்னலைக் கிணற்றுப் பக்கம் திருப்பு என்று ஒரு கிழமை, சாமியறையை ஈசான மூலைக்குக் கொண்டுபோ என்று அடுத்த கிழமை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய பிளான் வற்ஸ்அப்பில் வரும். (அதைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் வழியிலேயே நசிந்து, இலக்கங்கள் எறும்பு மாதிரி ஆகிவிடும்.) பெரிய தாள்தான் வேண்டும் என்கிற வளவில் என்ன நடக்கும்? ஒரு யன்னலுக்காக ஐந்தாறு கிலோமீற்றர் ரவுணுக்குப் போய், வரிசையில் நின்று, முழுத் தாளையும் மறுபடி எடுக்க எவருக்கும் மனம் வராது. "உங்கை ஒரு யன்னல்தானே, வாயாலை சொல்லிவிடுவம்" என்பார்கள். சொல்லியும் விடுவார்கள். அன்றைக்கு வேலைக்கு வந்த மேசன் கேட்பான், அடுத்த நாள் வந்தவன் சுவரில் மாட்டிய பழைய பிளானைப் பார்த்துக் கட்டுவான். பிறகு ஒரு சண்டை, உடைத்துக் கட்டுகிற கூலி, பாழாய்ப்போன சீமெந்து. இந்த ஊரில் நான் பார்த்த இடிப்புகளில் ஒட்டில் பிசகிய அரை மில்லிமீற்றரால் வந்தது ஒன்றுமில்லை. பழைய பிளானால் வந்தவை எத்தனையோ.

ஒட்டுப் பிளானில் மாறிய தாளை மட்டும் அடித்து, பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைக்கலாம். ஒரு தாள், ஐந்து நிமிடம். கழற்றிய தாளில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வைத்தால் யார் எப்போது மாற்றினார் என்ற வழக்குக்கும் சாட்சி இருக்கும். இந்த வசதி ஒன்றுக்காகவே நான் ஏ1 தாளைத் தானமாகத் தந்தாலும் வளவுக்குள் விடமாட்டேன்.

மைச் செலவு என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. கோடுகளை மட்டும் கறுப்பில் அடித்தால் ஒரு தாளுக்கு மை எவ்வளவு போகும்? வண்ணம் பூசி, புல்தரையும் காரும் வைத்து வருகிற முப்பரிமாணத் தோற்றத்தை வீட்டில் அடிக்கிறவருக்குத்தான் கைசுடும். அதைப் போனில் பார்த்தால் போதும். மழை பற்றிச் சொல்வது நியாயம். கார்த்திகை மாரியில் மைத் தண்ணீர்ப் பிறின்ரரில் அடித்த சாதாரணத் தாள் ஒரு தூறலுக்கே கண்ணீர் விடும். அந்த மாதங்களில் போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4 ஆகவே பிரதி எடுத்து ஒட்டலாம். அந்தத் தூள் மை கரையாது. கடை ஒழுங்கை முகப்பிலேயே இருக்கும்.

தாளே இல்லாமல் இருந்த காலமும் எங்களுக்குத் தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானதை வாசித்த ஊர் இது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையைத் தள்ளிவைத்தபோது தெற்கில் பலருக்கு அது செய்தியாக இருந்தது, எங்களுக்குப் பழைய ஞாபகமாக இருந்தது. தட்டுப்பாடு வந்தால் முதலில் இல்லாமல் போவது பெரிய தாளும் விசேட தாளும். ஏ4 எப்படியோ எங்கேயோ ஒரு பெட்டி கிடக்கும்.

கடைசியில் வைத்த மூன்றாவது நியாயத்துக்கு வருகிறேன். மரியாதை. பிளான் என்பது கையில் உருட்டிப் பிடித்துக்கொண்டு வரவேண்டிய பொருள், ஓவசியர்மார் அப்படித்தான் வந்தார்கள் என்று ஒரு படம் எங்கள் மனதில் விழுந்திருக்கிறது. உருட்டிய தாளைக் காரின் முன்பக்கத்தில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, விரலால் சுட்டுகிறவர்தான் விஷயம் தெரிந்தவர். மேசையில் ஒட்டியதை மடித்துக் கொண்டுவருகிறவர் வீட்டுக்காரர், ஓய்வு எடுத்த கிளாக்கர், கைச்செலவைப் பார்க்கிறவர். உண்மையில் கொந்தராத்துக்காரருக்கு உறுத்தியது அளவுப் பிழையாக இருந்திருந்தால் அவர் அளந்திருப்பார். வீட்டுக்காரர் தாமாகவே பிளானை அடித்துப் பார்த்து, ஒட்டி, ஒவ்வோர் இலக்கத்தையும் வாசித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதுதான் உறுத்தல். ஒன்பது தாளை ஒட்டுகிறவர் ஒன்பது தாளையும் பார்க்காமல் ஒட்ட முடியாது. மாடிப்படியின் கீழே எவ்வளவு உயரம் என்பது வரை பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அது சிலருக்கு வசதிப்படாது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ரவுணுக்குப் போய்ப் பெரிய பிளானும் எடுத்துவந்தார், வேலை நிற்கக் கூடாதே. அது சீமெந்துக் கொட்டிலுக்குள் ஒரு குழாயில் நிற்கிறது. ஒட்டுப் பிளான் விறாந்தையில் ஒரு பலகையில் குத்தியிருக்கிறது. அதில் நடுவரிசையின் வலப்பக்கத் தாள் மூன்று தரம் மாறிவிட்டது. மற்ற எட்டும் வெயிலில் மஞ்சளடிக்க, அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். குசினியும் கிணற்றுப் பக்கமும் அந்தத் தாளில்தான். போன கிழமை போனபோது மேசன் சாரத்திலிருந்து இறங்கி வந்து, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, அந்த வெள்ளைத் தாளை மட்டும் கழட்டித் தாங்கோ. மேலை கொண்டுபோட்டு வாறன்."

பெரியவர் நான்கு ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். மேசன் அதை ஒரே மடிப்பாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். பலகையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

"ஒட்டுப் பிளான் எங்கை, ஒரு துண்டைக் காணேல்லை?" என்று கேட்டுக்கொண்டே கொந்தராத்துக்காரர் உள்ளே வந்தார்.